மிதிவண்டிச் செப்பம்: திருவட்டாற்று வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொல்வரலாற்று ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

அரசர் வரலாற்றிற்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாகின்றன. புலவர் வரலாற்றிற்கு அவர்தம் நூல்கள் சான்றாகின்றன. ஆயின், தெருவோரத்தே நீர்ச்சட்டி ஒன்றும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் மிதிவண்டி பழுதுபார்த்த தொழிலாளியின் வரலாற்றிற்குச் சான்று யாது? அவர் கணக்கேடு வைத்திருப்பின் அது கரையானுக்கு இரையாகியிருக்கும். அவர்தம் கருவிகள் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். எஞ்சி நிற்பது அவர் வாயில் வழங்கிய சொல் ஒன்றே. அச்சொல்லை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லாராய்ச்சியாளர் பலர் மிதிவண்டித் தொழிற்சொற்களைப் பிறமொழிக் கலப்பிற்கு எடுத்துக்காட்டாக மட்டுமே கருதி ஒதுக்குவர். ‘டயர், டியூப், செயின், பெடல் எல்லாம் ஆங்கிலமாக இருக்க, இதில் தமிழாய்வுக்கு என்ன உண்டு?’ என்பது அவர் கருத்து. உறுப்புப் பெயர்களை மட்டும் எண்ணுவார்க்கு அக்கருத்து உண்மையாகத் தோன்றும். பழுதின் பெயரையும் பழுதுபார்க்கும் வினையையும் சேர்த்து எண்ணுவார்க்கு வேறொரு காட்சி தோன்றும். வண்டியோடு வந்தது உறுப்பின் பெயர். அதனைச் செப்பனிடும் அறிவு இம்மண்ணிலேயே வளர்ந்தது. அவ்வறிவின் தடம் வினைச்சொற்களில் உளது. இதனை நிறுவ முயல்வாம்.

2. சேம அச்சு

ஓடும் வண்டி பழுதுறும் என்பதும், அதற்கு முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும் என்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல. புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுங்கால், உமணர் தம் உப்பு வண்டியின் அடியிலே சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்லும் வழக்கத்தை உவமையாக எடுத்தாள்கின்றார். வழியில் மேடும் பள்ளமும் எவ்வளவு என அறியவொண்ணாது. ஆதலின் மாற்று அச்சு உடன் செல்கின்றது. நெடுவழிப் பயணத்துப் பழுதுபார்த்தலைப் பற்றிய மிகத் தொன்மையான தமிழ்க் குறிப்புகளுள் இஃது ஒன்று எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையும் உமணர் வண்டியின் உருளியை உறுப்பு உறுப்பாகப் புனைந்துரைக்கின்றது. வட்டையாகிய சூட்டு, அதனைத் தாங்கும் ஆரம், நடுவணதாகிய உருளி என்னும் சொற்கள் ஆங்கு வருகின்றன. ஆகவே உருளியின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் இல்லாமலில்லை. இருந்தும் மிதிவண்டிக்கு அப்பெயர்கள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பது பின்னர் ஆராயப்படும்.

3. வண்டி வந்த வரலாறு

இன்று நாம் காணும் வடிவுடைய மிதிவண்டி இங்கிலாந்தில் 1885இல் சான் கெம்ப் சுடார்லி என்பவர் ஆக்கிய ‘ரோவர்’ வண்டியின் வழித்தோன்றலாகும். சம அளவினவாகிய இரு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறையும் அதனால் நிலைபெற்றன. காற்றடைத்த இரப்பர்க் குழாயை 1845இலேயே தாம்சன் என்பவர் புனைந்து உரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாசுடு நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் அதனை மீண்டும் கண்டு மிதிவண்டிக்குப் பொருத்தினார். அன்று முதல் வண்டியின் ஓட்டம் மெத்தென்றாயிற்று. ஓட்டை என்னும் பழுதும் அன்றே உடன்பிறந்தது.

இந்தியாவில் விடுதலைக்கு முன்னர் வழங்கிய வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த ராலி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் முதலியன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறக்குமதி சுருங்கியது. புதிய உறுப்புக் கிடைப்பது அரிதாயின் பழையதனைச் செப்பனிட்டே ஓட்டுதல் வேண்டும் என்பது வெளிப்படை. விடுதலைக்குப் பின் 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1951 முதல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை ஆக்கலாயிற்று. அரியானாவின் சோனிப்பட்டில் அட்லஸ் நிறுவனமும் 1951இல் தோன்றியது. லூதியானாவில் ஹீரோ நிறுவனம் 1956இல் மிதிவண்டி ஆக்கத் தொடங்கியது. டேவிட் ஆர்னால்டு 2013இல் வெளியிட்ட நூலில் மிதிவண்டி, தையற்பொறி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை இந்தியரின் அன்றாடத் தொழில்நுட்பமாகக் கொண்டு ஆராய்ந்துள்ளார். இப்பொருள்கள் வெளிநாட்டில் பிறந்தவையேனும், அவற்றைக் கையாண்டவர்தம் அறிவினால் உள்நாட்டு வாழ்வின் உறுப்பாயின என்பது அந்நூலால் பெறப்படும். அவ்வறிவு எம்மொழியில் இயங்கிற்று என்பதே நமக்கு உரிய ஆய்வுப்பொருள்.

4. திருவட்டாறு: நிலமும் பழுதும்

ஆய்வுக்குத் திருவட்டாற்று வட்டாரம் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்பது இற்றை வழக்கு. பழைய எல்லைப்படி நோக்கின் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரண்டே நாஞ்சில் நாடாம். திருவட்டாறு கல்குளம் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று தனி வட்டமாக உளது. திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த இந்நிலம் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூரை ஆறு வளைந்து செல்கின்றது. கோதையாறும் பறளியாறும் அண்மையில் உள்ள மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. ஏற்றமும் இறக்கமும் மிகுந்த வழிகள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழையும் பெறும் நிலம்.

இந்நிலத்தியல்பு பழுதின் இயல்பை உறுதி செய்கின்றது. சமவெளியில் முள்ளால் வரும் ஓட்டை முதற்பழுது எனின், ஈண்டுச் சங்கிலியும் தடையும் அதனினும் மிகுதியாகத் தொல்லை தருவன. மழைநீர் சங்கிலியின் எண்ணெயைக் கழுவிவிடும். சிவந்த சரள்மண்ணின் நுண்துகள் எஞ்சிய எண்ணெயோடு கலந்து அரம்போல் தேய்க்கும். அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணியாக அமைந்த சங்கிலியில் ஒவ்வோர் ஊசியும் சிறிது தேயினும், முழுச் சங்கிலி நீண்டு தொய்யும். தொய்ந்தது ஏற்றத்தில் அழுத்துங்கால் கழலும். பழைய வகை வண்டிகளில் கம்பியால் இழுக்கப்படும் தடைக்கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்தி நிற்பன. ரிம் நனைந்திருப்பின் கட்டை வழுக்கும். இறக்கத்தில் அது வழுக்கினால் விளைவு கூறவேண்டா.

இவ்வட்டாரத்திற்கு மற்றொரு தொடர்பும் உண்டு. காற்றடைத்த சக்கரம் பரவியமையால் உலகெங்கும் இரப்பருக்கு வேட்கை மிகுந்தது. பிரேசிலினின்று 1876இல் விக்காம் கொண்டுசென்ற வித்துகளின் வழிவந்த மரம் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவை அடைந்தது. திருவிதாங்கூரில் 1902இல் தட்டேக்காட்டில் தோட்டம் இடப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் இரப்பர் பெரும்பாலும் குமரி மாவட்டத்தின் மலைச்சாரலில், குலசேகரம் திருவட்டாறு சூழ்ந்த பகுதிகளில் விளைகின்றது. மரத்தின் வெட்டுவாயில் வடிந்து உறைந்து ஒட்டிக்கிடக்கும் பாலை இங்குள்ளார் ‘ஒட்டுப்பால்’ என்பர். மிதிவண்டிக் கடையில் குழாயின் ஓட்டையை அடைப்பதற்கும் ‘ஒட்டு’ என்பதே பெயர். டயரும் ஒட்டும் பிறக்கும் மூலப்பொருளையும், அவற்றைச் செப்பனிடும் தொழிலையும் ஒருங்கே உடைய வட்டாரம் தமிழகத்தில் வேறொன்று காண்டல் அரிது.

5. இல்லத்துச் செப்பமும் கடைச் செப்பமும்

பழுதுபார்க்கும் தொழில் இரு நிலையில் நிகழ்ந்தது. வீட்டு முற்றத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி உடையவரே செய்துகொள்வன ஒரு நிலை. கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டியன மற்றொரு நிலை.

இல்லத்தில் செய்வனவற்றுள் தலையாயது ஓட்டை அடைத்தல். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி வெளியேற்றி, உள்ளிருக்கும் குழாயை உருவிக் காற்றடித்து, நீர் நிறைந்த சட்டியில் பகுதி பகுதியாக அமிழ்த்துவர். குமிழி எழும் இடமே ஓட்டை. அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொலுஷன் என்னும் இரப்பர்ப் பசையைத் தடவுவர். தடவியவுடன் ஒட்டை வைப்பவர் ஏமாறுவர். பசையிலுள்ள நீர்மம் ஆவியாகிப் பளபளப்பு மறைந்த பின்னரே ஒட்டுப் பற்றும். குழாயை மீண்டும் உட்செலுத்துமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடுதல் வேண்டும். முள்ளை எடாது ஒட்டியவர் அன்று மாலையே மீண்டும் ஒட்டுவர்.

ஓட்டை இல்லாமலே காற்று இறங்குவதும் உண்டு. வால்வின் மேல் செருகப்பட்டிருக்கும் சிறு இரப்பர்க் குழல் நாட்பட்டு வெடித்தலே அதற்குக் காரணம். ‘வால்டியூப்’ என மக்கள் வழங்கும் அச்சிறு துண்டை மாற்றினால் போதும். முழுக் குழாயையும் பிரித்துத் தேடிக் களைத்தவர்க்கு இவ்வறிவின் அருமை விளங்கும்.

பெடலைக் கழற்றுங்கால் மற்றொரு நுட்பம் உண்டு. வலப்பெடலின் மரை வழக்கமான திசையினது. இடப்பெடலின் மரை எதிர்த்திசையினது. மிதிக்குந்தோறும் பெடல் தானே தளர்ந்து கழலாமைப் பொருட்டு அவ்வாறு அமைக்கப்பட்டது. இஃது அறியாதவர் கழற்றுவதாக எண்ணி இறுக்குவர். மேலும் வலித்தால் மரையே அழியும்.

சங்கிலிக்கு எண்ணெய் இடுதல் எளிதெனத் தோன்றினும் அதிலும் முறை உண்டு. மண்ணெண்ணெயால் அழுக்கைக் கழுவித் துடைத்த பின்னரே புதிய எண்ணெய் இடுதல் வேண்டும். அழுக்கின் மேல் இட்ட எண்ணெய் தேய்மானத்தையே பெருக்கும். தேங்காய் மிகுந்த நாடாதலின் அவ்வெண்ணெயை இடுவாரும் உண்டு. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பற்றும். தொய்ந்த சங்கிலியை இறுக்கப் பின் சக்கரத்தின் இரு மரையாணிகளையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தல் வேண்டும். இருபுறமும் ஒரே அளவு இழுக்காவிடின் சக்கரம் சாய்ந்து ஒருபுறம் உராயும்.

கடைக்கு உரியன, காட்டர்பின் அடித்து ஏற்றுதல், ஃபிரீவீல் பிரித்தல், குண்டுகளை மாற்றிக் கோன் இறுக்குதல், சக்கரத்தின் கோட்டம் எடுத்தல் ஆகியன. இவற்றிற்குத் தனிக் கருவி மட்டுமன்றிக் கைப்பழக்கமும் வேண்டும். கோனைச் சிறிது மிகையாக இறுக்கின் சக்கரம் சுழலாது. சிறிது குறைவாக இறுக்கின் ஆடும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவை எந்நூலும் எழுத்தாற் கற்பித்தல் இயலாது. குருவின் கையைப் பார்த்தே மாணாக்கன் அறிந்தான்.

6. பெயரும் வினையும்

இனிச் சொற்களை நோக்குவாம். தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பிறநிலத்துச் சொல் தமிழில் நுழைதலை அவர் மறைக்கவில்லை; வகைப்படுத்தினார். மிதிவண்டி உறுப்புப் பெயர்களையும் அவ்வாறே பழியின்றி வகைப்படுத்தல் தகும்.

அப்பெயர்கள் வந்தவாறே நிற்கவில்லை; தமிழ் ஒலிமரபிற்கு இயையத் திரிந்தன. ‘ஸ்போக்ஸ்’ என்னும் பன்மைச் சொல் ‘போக்ஸ்’ ஆயிற்று. மொழிக்கு முதலில் மெய் நில்லாது என்னும் மரபு முதற்கண் நின்ற ‘ஸ்’ஐ நீக்கிற்று, பன்மை காட்டும் ஈற்று ‘ஸ்’ சொல்லின் உறுப்பாகக் கருதப்பட்டு எஞ்சிற்று. ‘கேரியர்’ என்பது ‘கேரியல்’ ஆயிற்று. பந்தல் பந்தர் எனவும், சாம்பல் சாம்பர் எனவும் வழங்கும் கடைப்போலியில் லகரமும் ரகரமும் தம்முள் மாறுதலை இலக்கணம் கற்றார் அறிவர். ஈண்டும் அவ்விரு எழுத்துகளே மாறின. ‘ஓவர்ஹால்’ என்பது ‘ஓவராயில்’ ஆயிற்று. வண்டியை முழுதும் பிரித்து எண்ணெயிட்டுப் பூட்டும் வேலையாதலின், ‘ஆயில்’ என்னும் ஒலி பொருளுக்கும் ஒத்தது. குண்டுகள் ஓடும் பள்ளத்தைக் குறித்த ‘பால்ரேஸ்’ என்பது ‘பால்ரஸ்’ எனத் திரிந்து, பள்ளத்தை விட்டுக் குண்டையே குறிக்கலாயிற்று. இஃது இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகிய இடவாகுபெயர்.

வினைகளோ பெரிதும் இயற்சொற்களே. காற்றடித்தல், ஒட்டுதல், இறுக்குதல், தளர்த்துதல், முறுக்குதல், கழற்றுதல், பூட்டுதல், உருவுதல், நெம்புதல், தேய்த்தல் என்பன செய்தொழிலைக் குறிப்பன. கழலுதல், தொய்தல், உராய்தல், அறுதல், வழுக்குதல், தேய்தல், பிடியாமை என்பன பழுதைக் குறிப்பன. வண்டியைச் செலுத்தும் வினையும் அத்தகையதே. பிற மாவட்டத்தார் ‘சைக்கிள் மிதித்தல்’ என்ன, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியார் ‘சவுட்டுதல்’ என்பர். மலையாளத்தோடு ஒத்த இவ்வழக்கை அம்மொழியின் கடனாகக் கொள்வாரும் உளர். பதிற்றுப்பத்தில் ‘சவட்டு’ என்னும் வினை பயின்றிருத்தலின், இதனை இரு மொழிக்கும் பொதுவாகிய பழஞ்சேரநாட்டுச் சொல்லின் எச்சம் எனக் கொள்வதே பொருத்தம்.

ஈழத்து வழக்கும் இம்முடிபை வலியுறுத்தும். ஆங்கு எழுத்து வழக்கில் மிதிவண்டிக்குத் ‘துவிச்சக்கரவண்டி’ என்பது பெயர். வடசொல்லால் ஆகிய அப்பெயர் தமிழகத்துப் பெயரோடு ஒவ்வாது. ஆயினும் ஒட்டுப் போடுதல், காற்றடித்தல் என்னும் வினைகள் ஒத்து நிற்கின்றன. பழுதுபார்த்தலை ஆங்குத் ‘திருத்துதல்’ என்பர். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், மின்கலம் கிடைக்காத மக்கள் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். உறுப்பின் பெயரை மட்டும் அறிந்தவர்க்கு இது கைகூடுவதன்று. அதன் இயக்கத்தை அறிந்தவர்க்கே கைகூடும்.

7. ஆரக்காலும் கம்பியும்

மேலே எழுப்பிய வினாவை ஈண்டு எடுத்துக்கொள்வாம். ஆரம், ஆரக்கால் என்னும் பழஞ்சொல் இருக்க, மிதிவண்டித் தொழிலாளர் ‘போக்ஸ் கம்பி’ என்றது ஏன்? அறியாமை எனல் பொருந்தாது. இதே ஊர்களில் மாட்டுவண்டியும் ஓடிற்று, தச்சரும் இருந்தனர், ஆரக்கால் என்னும் சொல் எல்லார்க்கும் தெரிந்ததே.

விடை சக்கரத்தின் இயக்கத்தில் உளது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் மேலிருந்து வரும் சுமையை அடியில் நிற்கும் ஆரக்கால் தூண்போல் தாங்குகின்றது. அது தாங்கும் உறுப்பாதலின் ‘கால்’ எனப்பட்டது. மரத்தால் தடித்துச் செய்யப்பட்டது. மிதிவண்டிச் சக்கரத்திலோ மெல்லிய கம்பி எதனையும் நின்று தாங்காது; மேலிருந்து அழுத்தின் வளைந்துவிடும். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 எனப் பழைய வகை வண்டியில் பொருத்தப்படும் கம்பிகள் யாவும் முன்னரே இழுத்து முறுக்கப்பட்டிருப்பதனால், அவ்விழுப்பின் வலியாலேயே ரிம் வட்டமாக நிற்கின்றது, சுமையும் தாங்கப்படுகின்றது. நிற்பது கால், இழுப்பது கம்பி. வீணையின் நரம்பைப் போல் முறுக்கிச் சுருதி கூட்டப்படும் உறுப்பிற்குக் ‘கால்’ என்னும் பெயர் பொருந்தாமையைத் தொழிலாளரின் கை அறிந்திருந்தது. கடன்சொல்லோடு தமிழ்ச்சொல்லைக் கூட்டி இருபெயரொட்டாக்கிய அப்பெயரிலும் சக்கரத்தின் இயக்கத்தை உணர்ந்த அறிவு வெளிப்படுகின்றது.

8. கோட்டமும் செப்பமும்

அவ்வறிவு முதிர்ந்து தோன்றுவது ‘கோட்டம் எடுத்தல்’ என்னும் தொடரில். பள்ளத்தில் மோதிய சக்கரம் சுழலுங்கால் ஒருபுறம் ஒதுங்கி ஆடும். அவ்வளைவே கோட்டம். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்மின் ஓரத்தில் சுண்ணக்கட்டியையோ விரல்நகத்தையோ அசையாது பிடித்தால், கோணிய இடம் மட்டும் வந்து தொடும். தொட்ட பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பிகளை முறுக்குதல் வேண்டும். ஒரே கம்பியை மிகுதியாக முறுக்கின் கோட்டம் ஓரிடத்தில் நீங்கி மற்றோரிடத்தில் தோன்றும். ஆதலின் பல கம்பிகளில் சிறிது சிறிதாக, இருபக்கமும் ஒப்பநோக்கிச் செய்தலே முறை.

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்து ஒன்பதாம் குறளில் கோட்டமும் செப்பமும் எதிர்நிலைச் சொற்களாக வருகின்றன. ஆங்குச் சொல்லின் கோட்டமும் உள்ளத்தின் கோட்டமும் பேசப்பட்டன. ஈண்டுச் சக்கரத்தின் கோட்டம் பேசப்படுகின்றது. அக்குறளின் ‘செப்பம்’ என்னும் சொல்லே ‘செப்பனிடுதல்’ எனப் பழுதுபார்த்தலைக் குறிக்கும் எழுத்துவழக்காக இன்றும் நிலவுகின்றது. ஈழத்தாரின் ‘திருத்துதல்’ என்பதும் அக்கருத்தினதே. பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியின் ஆரத்திற்கு அடையாகக் கொண்டதும் ‘திருந்து’ என்னும் சொல்லையே. கோணியதை நேராக்குதலே பழுதுபார்த்தல் என்னும் கருத்து நூல்வழக்கிலும் கடைவழக்கிலும் ஒன்றாக ஓடுதல் காண்க. திருக்குறளைக் கற்றுத் தொழிலாளர் இச்சொல்லைப் படைத்தனர் என்பது எம் கருத்தன்று. வள்ளுவர்க்கும் அவர்க்கும் பொதுவாகிய மொழியில் அச்சொல் உயிரோடு இருந்தது என்பதே கருத்து.

இதற்கு ஒரு தடை எழும். ‘பெண்டு எடுத்தல்’ என்னும் ஆங்கிலக் கலப்புத் தொடரும் கடைகளில் வழங்குகின்றதே எனின், உண்மையே. ‘டைட் பண்ணுதல்’ போன்றவையும் உள. ஆயின் ‘பெண்டு’ என்பதும் பெயரே. அதனோடு சேர்ந்த வினை ‘எடுத்தல்’ என்னும் தமிழ்வினையே. வளைவைப் போக்குதலை ‘எடுத்தல்’ என்பது, முள்ளை எடுத்தல், சுளுக்கு எடுத்தல் என்னும் வழக்குகளோடு ஒத்தது. பெயர் மாறிய இடத்தும் பழுதைப் பற்றிய கருத்து மாறவில்லை. மேலும் இத்தொழிற்சொற்கள் கடையோடு நில்லாது மக்கள் பேச்சிலும் பரவின. கடும் உழைப்பால் தளர்ந்தவர் ‘பெண்டு நிமிர்ந்தது’ என்பதும், அறிவு பிறழ்ந்தவனை ‘மரை கழன்றவன்’ என்பதும் பொறிப்பழுதுகளை மாந்தர்க்கு ஏற்றி உரைக்கும் வழக்குகளாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மிதிவண்டியின் உறுப்புப் பெயர்கள் பெரும்பாலும் கடன்சொற்கள், அவையும் தமிழ் ஒலிமரபிற்கு இயையத் திரிந்தன. பழுதின் பெயரும் செப்பத்தின் வினையும் பெரும்பாலும் தமிழ்ச்சொற்கள். பெயரிடுதலில் தொழிலாளர் உறுப்பின் இயக்கத்தை நோக்கினர். ஆகவே ஒரு பொறி ஒரு நாட்டிற்கு வந்த வரலாற்றைப் பெயர்ச்சொல்லாலும், அப்பொறியை அந்நாட்டார் தமதாக்கிக்கொண்ட வரலாற்றை வினைச்சொல்லாலும் அறிதல் வேண்டும்.

இச்சொற்களைத் தொகுக்கும் காலம் நீளமன்று. தெலுங்கில் பத்திரிராசு கிருட்டிணமூர்த்தி அவர்களின் தலைமையில் வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதற்றொகுதி, உழவுத்தொழில் பற்றியது, 1962இலேயே வெளிவந்தது. நெசவுத்தொழில் பற்றியது பின்னர்த் தொடர்ந்தது. தமிழில் மிதிவண்டித் தொழிலுக்கு அத்தகைய தொகுதி வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்டும் பழுதுபார்த்தும் வாழ்ந்த கடைகள் ஊர்தோறும் குறைந்துவருகின்றன. இருப்பவை விசைவண்டி பழுதுபார்க்கும் கடைகளாக மாறுகின்றன. 2020 சூன் 3ஆம் நாள், உலக மிதிவண்டி நாளன்றே, அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை நின்றது. ஆலை நின்றால் செய்தித்தாள் எழுதும். தெருமுனைக் கடை மூடப்பட்டால் எழுதுவார் இலர்.

பட்டமேற்படிப்பு மாணவர் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகச் செல்வது போன்றே இக்கடைகளுக்கும் செல்லுதல் வேண்டும். சென்றவர் உறுப்பின் பெயரைக் கேட்டு எழுதுவதோடு அமையாது, ‘இது பழுதானால் என்ன சொல்வீர்கள்? எப்படிச் சரிசெய்வீர்கள்?’ என்று வினவுதல் வேண்டும். முதல் வினாவிற்கு விடை ஆங்கிலத்தில் வரினும், பின்னைய வினாக்களுக்கு விடை தமிழில் வரும். அவ்விடையிலேயே அத்தொழிலின் வரலாறு உளது.